கணவாயின் தெய்வமான துறவி

கொரியாவின் கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் காங்னுங் நகரிலிருந்து தலைநகர் சியோலுக்குப் போய்ச் சேர இன்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போதும். 2017 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அதிவேக ரயில், 21.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே சுரங்கத்துக்குள் புகுந்து மலைத்தொடரைக் கடந்துவிடுகிறது. அதே மலையின் மேலே, 832 மீட்டர் உயரத்தில், தேக்வல்யோங் கணவாய் இருக்கிறது. கடலோரத்து உப்பும் மீனும் கடற்பாசியும் நூற்றாண்டுக் கணக்கில் மனித முதுகில் ஏறி மேற்கே போனது அந்த வழியாகத்தான். மேற்கு மேட்டுநிலத்துத் தானியம் கிழக்கே இறங்கியதும் அந்த வழியாகத்தான். தலைநகருக்குத் தேர்வெழுதப் போன மாணவர்கள், பதவியேற்க வந்த அதிகாரிகள், புருஷன் வீட்டுக்குப் போன பெண்கள் என்று எல்லோருக்கும் அதுதான் முக்கிய வழி.

வளைவுகள் 99 என்பது ஊர்க்கணக்கு. தேர்வெழுதப் புறப்பட்ட ஒரு மாணவன் 100 உலர்ந்த பெர்சிமன் பழங்களை மூட்டையில் கட்டிக்கொண்டு, வளைவுக்கு ஒன்றாகத் தின்றுகொண்டே ஏறினானாம். உச்சிக்கு வந்தபோது ஒரே ஒரு பழம் மிச்சமிருந்ததாம். அடிவாரத்துப் பக்கம் இன்னொரு மேட்டுக்கும் கதை உண்டு. அங்கே வந்த ஆட்சியர்கள் இரண்டு முறை அழுதார்களாம். இவ்வளவு தொலைவான ஊருக்கு அனுப்பிவிட்டார்களே என்று வரும்போது ஒரு முறை. இந்த ஊர் மக்களை விட்டுப் போகிறோமே என்று திரும்பும்போது ஒரு முறை. 1788இல் ஜொங்ஜோ அரசர் ஓவியர் கிம் ஹோங்-தோவை அனுப்பிக் கிழக்கு மலைகளை வரைந்துவரச் சொன்னார். அவர் வரைந்த ஏட்டில் தேக்வல்யோங்கும் இருக்கிறது.

1975இல் கணவாயின் மேலேயே நெடுஞ்சாலை வந்தது. 2001இல் அந்த நெடுஞ்சாலையும் சுரங்கங்களுக்குள் போய்விட்டது. இப்போது மேலே மிஞ்சியிருப்பது அமைதியான ஒரு பழைய சாலை, காற்றாலைகள், முதுகுப்பையோடு மலையேறுகிறவர்கள். அவர்களோடு, வருடம் முழுக்க ஓயாமல் வந்துகொண்டிருக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. சாலையிலிருந்து சற்று உள்ளே, மரங்களுக்கு நடுவே, ஓடு வேய்ந்த ஒரு சிறிய கோயிலுக்கு அவர்கள் வருகிறார்கள். பல நாட்களில் கோயில் கண்ணில் படுவதற்கு முன்பே உடுக்கை போன்ற ஜாங்கு மேளத்தின் சத்தம் காதில் விழுந்துவிடும். யாரோ ஒரு குடும்பத்துக்காக மூதாங் எனப்படும் சாமியாடிப் பெண் பாடிக்கொண்டிருப்பாள்.

உள்ளே சிலை இல்லை, ஓவியம்தான். வெள்ளைக் குதிரை மேல் ஒருவர் அமர்ந்திருக்கிறார். முதுகில் வில்லும் அம்பும். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு சேவகன். முன்னும் பின்னும் காவலாகப் புலிகள். பார்த்த மாத்திரத்தில் படைத்தலைவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அவர் ஒரு புத்தத் துறவி. பெயர் பொமில். 810இல் பிறந்து 889இல் இறந்தவர். சொன் பௌத்தத்தின் ஆசிரியர். ஜப்பானிய உச்சரிப்பில் உலகம் ஜென் என்று சொல்வது அதைத்தான். தென்னிந்தியாவிலிருந்து சீனாவுக்குப் போனவர் என்று மரபு சொல்லும் போதிதருமர் வழிவந்த பள்ளி அது. சாத்திரத்தை நம்பியிராதே, உருவத்தைப் பிடித்துக்கொள்ளாதே, உன் மனத்தையே பார் என்று சொல்லிவந்த பள்ளி. அந்தப் பள்ளியின் பெரிய ஆசிரியர் ஒருவர் இங்கே வில்லேந்திய தெய்வமாகப் படையல் வாங்கிக்கொள்கிறார். வெளியே எதையும் தேடாதே என்று சொன்னவரை வெளியே வைத்துக் கும்பிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையா, அவர் சொன்னதை மறந்துவிட்டதன் அடையாளமா?

கேள்வி பொமிலோடு நிற்கிற ஒன்றல்ல. ஞானிகளைத் தெய்வமாக்கிய எல்லா ஊர்களிலும் எழக்கூடியது. ஆனால் இந்த ஒரு மனிதர் விஷயத்தில் இரண்டு பக்கமும் நன்றாகப் பதிவாகியிருப்பதால், ஊகமாகப் பேச வேண்டியதில்லை.

பொமிலின் வாழ்க்கையும் பேச்சும் ‘ஜோதாங்ஜிப்’ என்ற தொகுப்பில் இருக்கின்றன. 952இல் சீனாவில் உருவான நூல் அது. சீனாவிலேயே தொலைந்துபோய், கொரியாவின் ஹேஇன்சா மடத்தில் இருந்த மர அச்சுப் பலகைகளில் மட்டும் பிழைத்துக் கிடந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டது. இளவயதில் துறவு பூண்ட பொமில் சீனாவின் தாங் பேரரசுக்குப் போனதையும், மாசூ என்ற சொன் ஆசிரியரின் சீடரான சி-ஆனிடம் சேர்ந்ததையும் அது சொல்கிறது. புத்தராவது எப்படி என்று பொமில் கேட்டார். வழியைப் பயிற்சி செய்து அடைய வேண்டியதில்லை, அழுக்காக்காமல் இருந்தால் போதும், புத்தர் என்றும் போதிசத்துவர் என்றும் ஒரு கருத்தை மனத்தில் கட்டிக்கொள்ளாதே, அன்றாட மனமே வழி என்ற கருத்தில் ஆசிரியர் பதில் சொன்னார். பொமிலுக்கு அந்த இடத்திலேயே தெளிந்தது. 840களில் தாங் பேரரசர் வூசோங் மடங்களை இடித்துத் துறவிகளை விரட்டியபோது அவர் மலையில் ஒளிந்து வாழ்ந்தார். 847இல் சொந்த நாடான சில்லாவுக்குத் திரும்பினார். 851 முதல் இறக்கும்வரை, ஏறக்குறைய 40 ஆண்டுகள், காங்னுங் அருகே குல்சான்சா மடத்தை விட்டு அவர் நகரவில்லை.

அந்த 40 ஆண்டுகளில் மூன்று அரசர்கள் அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். கியோங்முன், ஹொன்காங், ஜொங்காங். அரசகுருவாக வந்து தலைநகரில் இருக்க வேண்டும் என்பது அழைப்பு. மூன்று முறையும் அவர் போகவில்லை. துறவி எதில் முனைய வேண்டும் என்று ஒரு சீடர் கேட்டதற்கு, புத்தர் ஏறிய படிகளில் கால் வைக்காதே, பிறர் பின்னால் போய் ஞானம் பெறப் பார்க்காதே என்ற பொருளில் அவர் சொன்ன பதிலும் பதிவாகியிருக்கிறது. புத்தரின் படியையே மிதிக்காதே என்றவர் அரண்மனைப் படியை மிதிக்காததில் வியப்பில்லை.

இவ்வளவும் ஏட்டில் உள்ள பொமில். ஊர் சொல்லும் பொமில் வேறு மாதிரிப் பிறந்தவர். ஹக்சான் கிராமத்தில் ஒரு கன்னிப்பெண் ஊற்றுக்குத் தண்ணீர் மொள்ளப் போனாள். சுரைக்குடுவையில் மொண்ட நீரில் சூரியன் மிதந்தது. அதைக் குடித்துக் கருவுற்றாள். அவமானத்துக்கு அஞ்சிக் குழந்தையைப் பாறைக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். போய்ப் பார்த்தால் கொக்குகள் சிறகால் மூடிக் காத்துக்கொண்டிருந்தன. குழந்தை வளர்ந்து துறவியாகி, இறந்த பின் கணவாயின் தெய்வமானார். 1592இல் ஜப்பானியப் படை வந்தபோது, இறந்து 700 ஆண்டு ஆன அவர் தேக்வல்யோங் மேல் ஏறி நின்று, மலையிலுள்ள புல்லையும் மரத்தையும் போர்வீரர்களாகக் காட்டி எதிரியைத் திருப்பி அனுப்பினார் என்றும் கதை சொல்கிறார்கள்.

நம்புவதா வேண்டாமா என்பதை விட, இந்தக் கதைகள் எப்போது வந்து சேர்ந்தன என்று கேட்பதில் பயன் உண்டு. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். 1603ஆம் ஆண்டு சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம், அறிஞர் ஹோ க்யூன் காங்னுங்கில் இருந்தார். ஊரே திரண்டு கணவாயின் தெய்வத்தை வரவேற்பதைக் கண்டு, அலுவலகத் தலைமை எழுத்தரிடம் யார் அந்தத் தெய்வம் என்று விசாரித்தார். சில்லாவின் தளபதி கிம் யூ-சின் என்று பதில் வந்தது. 673இல் இறந்த அந்தத் தளபதி இளமையில் இங்கே வாள்வித்தை கற்றவராம். தெய்வம் மகிழ்ந்தால் ஊர்வலக் குடை நாள் முழுக்கச் சாயாது, அந்த வருடம் விளைச்சல் உண்டு. சினந்தால் குடை விழும், காற்றாலும் மழையாலும் கேடு வரும் என்றும் எழுத்தர் சொன்னார். ஹோ க்யூன் எழுதி வைத்த குறிப்பில் பொமிலின் பெயரே இல்லை.

ஆக, 1603இல் இந்த மலையின் தெய்வம் ஒரு தளபதி. பின்னால் எப்போதோ துறவி வந்து முக்கிய இடத்தில் அமர்ந்தார். தளபதியும் வெளியேறவில்லை, பக்கத்திலேயே ஒரு சின்ன மாடத்தில் மலைத்தெய்வமாக இருக்கிறார். முதல் பூசை இன்றும் அவருக்குத்தான். துறவியின் ஓவியத்தில் வில்லும் அம்பும் இருப்பது இந்தப் பின்னணியில் பார்க்கும்போது அவ்வளவு விசித்திரமாகப் படாது. கணவாய்க்கு ஒரு காவலர் தேவைப்பட்டார். அந்த இடம் முதலிலேயே இருந்தது. அதில் யாரை உட்கார வைப்பது என்பதைத்தான் காலந்தோறும் மக்கள் முடிவு செய்தார்கள்.

அந்தத் தேவை எத்தகையது என்று புரிய வேண்டுமானால் கோயிலை விட்டுப் பழைய பாதையில் கிழக்கே இறங்க வேண்டும். பாதிவழியில் பான்ஜோங் என்ற இடம் வருகிறது. காங்னுங்கும் கடலும் அங்கிருந்து விரிந்து தெரியும். அதன் அருகே பாதையோரத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. யி ப்யோங்-ஹ்வா என்ற உள்ளூர் அலுவலரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குளிர்காலத்தில் கணவாயைக் கடக்கிறவர்கள் ஒதுங்க இடமில்லாமல் விறைத்துச் சாவதைப் பார்த்து, அவர் தன் பணத்தைக் கொடுத்துப் பான்ஜோங்கில் ஒரு சத்திரம் ஏற்பட வழி செய்தார். அவரை மறக்கக் கூடாது என்று அந்தப் பாதையில் நடந்த வியாபாரிகளும் மக்களும் 1824இல் கல் நாட்டினார்கள். தேக்வல்யோங் கொரியாவிலேயே பனி மிகுதியாகக் கொட்டும் இடங்களில் ஒன்று. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதிக் கொட்டும் பனியில் பாதை எது பள்ளம் எது என்று தெரியாது. ஆயுதம் தரித்த ஒரு தெய்வத்தை மக்கள் மேலே நிறுத்தியதற்கு எதிரிப் படையைக் காட்டிலும் இந்தப் பனிதான் பெரிய காரணம் என்று அந்தக் கல்லின் முன் நிற்கும் எவருக்கும் தோன்றும்.

அங்கே நடந்தவர்கள் யார்? சுமை வியாபாரிகள். போபுசாங் என்று அவர்களுக்குப் பெயர். அதில் இரண்டு வகை. சீப்பு, ஊசி, துணி போன்ற சில்லறைச் சாமான்களை மூட்டையாகக் கட்டிச் சுமந்தவர்கள் ஒருவகை. உப்பு, மீன், பானை, இரும்புச் சாமான் ஆகியவற்றை ‘ஜிகே’ என்ற மரச் சட்டத்தில் முதுகில் ஏற்றிச் சுமந்தவர்கள் இன்னொரு வகை. காங்னுங் பக்கத்துச் சுமைகாரர்கள் வழியில் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் அந்தப் பாரத்தோடு மறுபடி எழுவது கஷ்டம். கையிலிருக்கும் கோலைச் சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து, நின்றபடியே இளைப்பாறிவிட்டு நடப்பார்கள். குடும்பமும் நிலமும் இல்லாதவர்கள் இவர்களில் அதிகம். ஊருக்குள் மதிப்பும் குறைவு. ஆனால் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்: வழியில் சக வியாபாரி நோயுற்றால் பார்த்துக்கொள்ள வேண்டும், செத்தால் அடக்கம் செய்ய வேண்டும். முன்பின் அறியாதவனாக இருந்தாலும் இது பொருந்தும். தெற்கே உல்ஜின் பக்கத்துப் பன்னிரண்டு கணவாய்ப் பாதையில், தங்களுக்கு உதவியவர்களின் பெயரை இவர்கள் இரும்பில் வார்த்து வைத்த பலகைகள் இன்றும் இருக்கின்றன.

வழியில் செத்தவனை அறியாதவனானாலும் அடக்கம் செய் என்பது எந்த மடமும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி அல்ல. பாதையே சொல்லிக் கொடுத்தது. இந்த மனிதர்கள் மேலே போய்க் கும்பிட்டபோது என்ன கேட்டிருப்பார்கள்? புத்தராவது எப்படி என்று நிச்சயமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் உயிரோடு போய்ச் சேர வேண்டும், மீன் கெடக் கூடாது, திரும்பி வரும்போது பிள்ளை நலமாக இருக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பொமில் தன் வாழ்நாளில் பதில் சொன்னது முதல் கேள்விக்கு. மலை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது இரண்டாம் கேள்வியை. முதலாவது உயர்ந்தது, இரண்டாவது தாழ்ந்தது என்று சொல்ல, பனியில் சுமையோடு ஒரு இரவாவது நின்றவருக்குத்தான் உரிமை.

பாதை போட்டவருக்கும் இங்கே ஒரு கதை இருக்கிறது. அது கசப்பானது. கோ ஹ்யோங்-சான் என்ற அதிகாரி, 1453இல் பிறந்து 1528இல் இறந்தவர். ஒற்றையடித் தடமாக இருந்த இந்தப் பாதையை அவர்தான் அகலப்படுத்தினார் என்பார்கள். அவர் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் கழிந்து, 1636இல் மஞ்சூரியப் படை கொரியாவுக்குள் புகுந்தது. அந்த அகலமான பாதையால்தான் எதிரி அவ்வளவு விரைவாகத் தலைநகரை எட்டினான் என்று அரசர் கோபம் கொண்டு, கோ ஹ்யோங்-சானின் கல்லறையைத் தோண்டிப் போடச் சொன்னாராம். வரலாற்றில் அந்தப் படை வந்தது வடக்கே யாலு ஆற்றைக் கடந்து. இந்தப் பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னவர்கள் அந்தப் பாதையால் பிழைத்தவர்கள். நல்லது செய்தவனின் எலும்பைக் கூட அரசு விட்டுவைக்காது என்ற வேதனை அதில் இருக்கிறது. அரசர்கள் மூன்று முறை கூப்பிட்டும் போகாத ஒரு துறவியைத் தங்கள் ஆளாக இந்த மக்கள் நினைத்துக்கொண்டதற்கும் அந்த வேதனைக்கும் உறவு உண்டு.

அக்காலத்தில் கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசு கன்பூசிய அரசு. பௌத்தத்தை அது ஒதுக்கி வைத்தது. துறவிகள் தலைநகருக்குள் நுழையவே நீண்டகாலம் தடை இருந்தது. 1895இல்தான் அது நீங்கியது. தலைநகருக்குள் கால் வைக்க முடியாத ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவர், தலைநகருக்குப் போகும் பாதையின் உச்சியில் தெய்வமாக அமர்ந்திருந்தார். தேர்வெழுதப் போன கன்பூசிய மாணவர்களும் அவரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

கன்பூசியம், பௌத்தம், மூதாங்கின் மரபு ஆகிய மூன்றும் ஒரே முற்றத்தில் கூடும் நாள் ஒன்று உண்டு. சந்திரக் கணக்கில் நான்காம் மாதத்துப் பௌர்ணமி. காங்னுங்கின் பெரிய திருவிழாவான தானோவுக்கு அங்கேதான் அடித்தளம் இடப்படுகிறது. அந்தப் பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்பே நகரத்தின் பழைய அரசு அலுவலகக் கட்டடமான சில்சாதாங்கில், ஊரார் கொடுத்த அரிசியில் தெய்வத்துக்கான மது ஊறப் போட்டிருப்பார்கள். பௌர்ணமியன்று மேலே முதலில் நடப்பது கன்பூசிய முறைப் பூசை. கறுப்புத் தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்தவர்கள், ஒருவர் ஏட்டைப் பார்த்து ஒவ்வொரு அசைவையும் உரக்கச் சொல்லச் சொல்ல, எழுந்து வணங்கி மது வார்க்கிறார்கள். வேறு ஓசையில்லை, உணர்ச்சிக் கொந்தளிப்பு இல்லை. அது முடிந்ததும் மூதாங் முன்னுக்கு வருகிறாள். மேளமும் தாளமும் கிளம்புகின்றன. பிறகு எல்லோரும் காட்டுக்குள் போகிறார்கள். ஒரு மேப்பிள் மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, மூதாங் மணியடித்து வேண்டுகிறாள். மரம் நடுங்குகிறது. தெய்வம் இறங்கிவிட்டது என்று அதை வெட்டி எடுக்கிறார்கள். நீலமும் சிவப்புமாகத் துணிகளை அதன் கிளைகளில் மக்கள் கட்டுகிறார்கள். அந்த மரத்தோடு தெய்வம் கணவாயிலிருந்து ஊருக்கு இறங்குகிறார்.

அங்கே பொமில் இருக்கிறாரா? அந்த முற்றத்தில் மூன்று பதில்கள் இருக்கின்றன. மரம் நடுங்கியதே, கண்ணால் பார்த்தீர்களே என்பது மூதாங்கின் பதில். பூசை செய்கிறவன் எதிரே தெய்வம் நிற்பதாகக் கொண்டு செய்ய வேண்டும் என்பது கன்பூசிய மரபின் பதில். இருக்கிறதா இல்லையா என்று அது ஆராயப் போவதில்லை, செய்கிறவனின் மனத்தூய்மைதான் அதற்கு முக்கியம். மூன்றாவது, பொமிலுடைய சொந்த மரபின் பதில். அதன்படி, இறந்த பின் தெய்வமாகி உட்காருவதற்கு நிலையான ‘நான்’ என்று எதுவும் கிடையாது. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஆனாலும் யாரும் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை. தத்துவத்தில் தீராத வழக்கை ஒரு முற்றத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஊர் இவ்வளவு காலம் சேர்ந்து வாழ்ந்திருப்பதை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

மூன்றாவது பதிலை இன்னும் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம். ஆன்மா இல்லை என்றால் மறுபிறப்பு எப்படி என்று மிலிந்த மன்னன் கேட்டபோது நாகசேனர் என்ற துறவி விளக்கை உவமை காட்டினார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது எந்தப் பொருளும் இடம் மாறுவதில்லை. ஆனாலும் இரண்டாவது சுடர் முதலாவதால்தான் உண்டானது. அந்தக் கணக்கில் பார்த்தால், 889இல் முடிந்த ஒரு வாழ்க்கையின் விளைவு இன்னும் முடியவில்லை என்று சொல்வதில் பௌத்தத்துக்குத் தடை ஏதும் இல்லை. அதிகாரத்துக்குப் போகாமல் தங்களோடு இருந்துவிட்ட ஒருவர் மேல் ஒரு பகுதி மக்கள் வைத்த நம்பிக்கை, ஆள் போன பின்னும் தொடர்ந்து, ஒரு காவல் தெய்வத்தின் உருவத்தை எடுத்துக்கொண்டது. இது துறவிக்குச் செய்த துரோகம் என்று சொல்வதற்கில்லை.

ஆனால் எல்லாவற்றையும் இப்படி நியாயப்படுத்திவிடவும் முடியாது. தெய்வத்துக்கு ஒரு மனைவியும் உண்டு. காங்னுங்கில் ஜோங் குடும்பத்துப் பெண். தெய்வம் கனவில் வந்து மகளைக் கேட்டார். மனிதனல்லாதவனுக்குக் கொடுக்க மாட்டேன் என்று தகப்பன் மறுத்தார். ஒருநாள் வீட்டுத் திண்ணையில் இருந்த பெண்ணைப் புலி தூக்கிச் சென்றது. தேடிப் போனவர்கள் மலைக்கோயிலில் அவள் தெய்வத்தின் பக்கத்தில் உயிரற்று நின்றிருப்பதைக் கண்டார்கள். உடலை அசைக்க முடியவில்லை. ஓவியரை அழைத்து அவளை வரைந்து வைத்த பிறகுதான் உடல் பெயர்ந்து வந்தது. நான்காம் மாதப் பௌர்ணமி அவர்களுடைய மண நாள் என்கிறார்கள். கணவாயிலிருந்து இறங்கும் மரத்தை ஹோங்ஜே பகுதியிலுள்ள அந்த அம்மனின் கோயிலில்தான் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஐந்தாம் மாதம் மூன்றாம் நாள் வரை தம்பதி அங்கே சேர்ந்திருப்பார்கள்.

துறவிக்குத் திருமணம் என்பதல்ல இதில் உறுத்துவது. ஒரு பெண் கேட்கப்படாமலே கொண்டுபோகப்பட்டாள், அதுவும் சாவின் வழியாக. புலியால் மனிதர் இறப்பது அந்த மலைகளில் உண்மையிலேயே நடந்தது. மகளின் உடலில் பாதிகூடக் கிடைக்காத வீட்டாருக்கு, அவள் தெய்வத்தின் மனைவியானாள் என்ற கதை ஒரு ஆறுதலாக வந்திருக்கலாம். அப்படிப் படித்தால் நெஞ்சு இளகும். இருந்தாலும், ஊர் கொண்டாடும் அந்த மண நாளில் அவள் இறந்த நாளும் இருக்கிறது என்பதைத் திருவிழாப் பேச்சுகள் சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

இழப்பு இன்னொன்றும் இருக்கிறது. வில்லேந்திய ஓவியத்தின் முன் விழுந்து கும்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் என்ன போதித்தார் என்று தெரியும்? தெய்வம் பெரிதாக வளர வளர ஆசிரியரின் குரல் தேய்ந்துபோனது. யாரையும் பின்பற்றி ஞானம் தேடாதே என்ற அந்தக் கடுமையான அன்பு எந்தப் படையலிலும் இல்லை. அது ஏட்டில் மட்டும் கிடக்கிறது. மக்கள் செய்தது துரோகமில்லை. ஆனால் பாதியைத்தான் அவர்கள் காப்பாற்றினார்கள். மறுபாதியைக் காப்பாற்ற வேண்டிய மடம் எப்போதோ அழிந்துவிட்டது.

இந்தப் பாதியும் பிழைத்ததே பெரிது. 1970களில் அரசின் புதிய கிராம இயக்கம் மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் நாடெங்கும் ஊர்க்கோயில்களை இடித்தது. எல்லைத் தெய்வங்களின் கற்குவியல்கள் கலைக்கப்பட்டன, சாமியாடிகள் விரட்டப்பட்டார்கள். தானோ விழா 1967லேயே தேசியப் பண்பாட்டுச் சொத்துகளின் பட்டியலில் சேர்ந்திருந்ததால் அதற்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது. 2005இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் வாய்மொழி, அருவ மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. அந்த விழாவில் பேச்சே இல்லாத ஒரு முகமூடி நாடகம் நடக்கும். ஒரு காலத்தில் அதை ஆடியவர்கள் அரசு அலுவலகத்து அடிமைகள்.

வியாபாரமும் முழுக்கப் போய்விடவில்லை. கணவாய்க்கு மேற்கே ஹ்வெங்கே கிராமத்தில் குளிர்காலம் முழுக்கப் பொல்லாக் மீனை மரச்சட்டங்களில் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இரவில் உறைந்து பகலில் இளகி, மறுபடி உறைந்து, வசந்தம் வருவதற்குள் சதை மஞ்சளாகிப் பஞ்சுபோல் ஆகிவிடும். ஹ்வாங்தே என்ற அந்தக் கருவாட்டில் வைக்கும் சூப்பு அங்கே கடைக்குக் கடை கிடைக்கும். மீன் மட்டும் இப்போது பெரும்பாலும் ரஷ்யக் கடல்களிலிருந்து வருகிறது. கொரியக் கடலில் பொல்லாக் வற்றிப்போய், 2019இல் அதைப் பிடிக்கவே தடை வந்துவிட்டது.

கணவாய்க்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே போய்ப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். முடிந்தால் நான்காம் மாதப் பௌர்ணமியன்று போங்கள். கோயிலில் மேளம் ஒலித்தால், உள்ளே ஒரு குடும்பத்தின் கவலை நடந்துகொண்டிருக்கிறது என்று எண்ணிச் சற்று ஒதுங்கி நில்லுங்கள். பிறகு பான்ஜோங் வழியாக நடந்தே இறங்குங்கள். சத்திரத்துக்குப் பணம் கொடுத்தவரின் கல்லைத் தவறவிடாதீர்கள். அடிவாரத்துக்கு வந்த பின் இன்னும் ஒரு இடம் மிச்சமிருக்கிறது. ஹக்சான் கிராமத்து வயல்வெளியில் குல்சான்சா மடத்தின் கொடிமரத்தைத் தாங்கிய இரண்டு கல்தூண்கள், செதுக்கி மெருகேற்றாத உளித்தழும்புகளோடு, 5.4 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. அந்த வகைத் தூண்களில் கொரியாவிலேயே பெரியவை அவைதாம். அங்கே பூசை இல்லை, கூட்டமும் இல்லை. பொமில் 40 ஆண்டுகள் பாடம் சொன்னது அந்த இடத்தில்தான். மலை மேல் இருக்கும் தெய்வத்தைப் பார்த்தவர்கள் கீழே இருந்த ஆசிரியரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.